34 இடங்கள்: பேஸ்பால் ஆடும் பிள்ளைகளின் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். டெக்சஸின் ஃபிரிஸ்கோவிலும் வட கரோலினாவின் கேரியிலும் நியூ ஜெர்சியின் எடிசனிலும் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டிலும் வாழும் நம் குடும்பங்களில், வார இறுதியைத் தமிழ்ப் பள்ளிக்கும் பேஸ்பால் மைதானத்துக்கும் பங்கிட்டுக் கொடுத்து வளரும் பிள்ளைகள் இப்போது இருக்கிறார்கள். அவர்களில் சிலர் உயர்நிலைப் பள்ளி அணியில் நன்றாக ஆடி, கல்லூரியிலும் தொடர வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். பொறியியல் நுழைவுக்கும் மருத்துவ இடத்துக்கும் என்ன கேட்க வேண்டும், எப்போது கேட்க வேண்டும் என்பதெல்லாம் நமக்கு மனப்பாடம். கல்லூரி அணிக்குள் ஒரு பிள்ளை எப்படி நுழைகிறான், எப்படி வெளியேற்றப்படுகிறான் என்பது மட்டும் நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியாது. அந்த விதிகள் 2025இல் அடியோடு மாறிவிட்டதால், பழைய அனுபவம் உள்ளவர்கள் சொல்லும் அறிவுரையும் இப்போது பாதிதான் பொருந்துகிறது. என் மகன் கல்லூரி விளையாட்டின் உச்சப் பிரிவான டிவிஷன் 1இல் உள்ள கல்லூரி ஒன்றில் வாக்-ஆனாக, அதாவது விளையாட்டு உதவித்தொகை இல்லாமல், ஆடியவன். அதன் வழியாக நான் கற்றதையும், அதன் பிறகு நம் ஊர்ப் பிள்ளைகள் சிலருக்காகத் தேடிப் படித்ததையும் கொண்டு இதை எழுதுகிறேன்.

கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான். ஒரு பயிற்சியாளர் உங்கள் மகனிடம் "உதவித்தொகை இல்லை, ஆனால் வாக்-ஆனாக எங்கள் அணியில் உனக்கு இடம் உண்டு" என்று சொன்னால், அந்த இடம் டிசம்பர் 1ஆம் தேதிக்குப் பிறகும் இருக்குமா என்று கேளுங்கள். அதற்கு எழுத்தில் பதில் வரும் வரை அந்தச் சொல்லை நம்பி ஒரு கல்லூரியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஏன் டிசம்பர் 1 என்பதைப் புரிந்துகொள்ள, உதவித்தொகைக் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும்.

அமெரிக்கக் கால்பந்தின் உயர்நிலைக் கல்லூரி அணி ஒன்றுக்கு 85 முழு உதவித்தொகைகள் இருந்த காலத்தில், டிவிஷன் 1 பேஸ்பால் அணிக்குக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. அனுமதித்தது 11.7 மட்டுமே. தசமப் புள்ளியைப் பார்த்து அச்சுப் பிழை என்று நினைக்க வேண்டாம். அது முழு உதவித்தொகைகளுக்குச் சமமான தொகை. அதைப் பயிற்சியாளர் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்கலாம். நீண்ட காலம் அதை அதிகபட்சம் 27 பேருக்குப் பகிரலாம், ஒவ்வொருவருக்கும் குறைந்தது கால் பங்காவது தர வேண்டும், அணிப் பட்டியலில் மொத்தம் 35 பேர் இருக்கலாம் என்று விதி இருந்தது. 27 பேருக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 43 விழுக்காடு வரும். நடைமுறையில் முன்னணிப் பிட்சர்களுக்கும் கேட்சருக்கும் அதிகம் போய், மற்றவர்களுக்குக் கால் பங்கே மிஞ்சும். ஆகவே "பேஸ்பால் உதவித்தொகை" என்ற பேச்சைக் கேட்டு முழுப் படிப்பும் இலவசம் என்று எண்ணியவர்கள் அன்றே ஏமாந்தார்கள். எஞ்சிய எட்டுப் பேர், கொரோனாவுக்குப் பின் வரம்பு 40 ஆனபோது இன்னும் சிலர், விளையாட்டுக்காக ஒரு டாலரும் பெறாமல், தம் பெற்றோரின் பணத்தில் படித்துக்கொண்டு, அதே அதிகாலைப் பயிற்சியைச் செய்து, அதே சீருடையை அணிந்தார்கள். அவர்கள்தாம் வாக்-ஆன்கள்.

வாக்-ஆன் என்றாலே ஒப்புக்குச் சேர்த்துக்கொள்ளப்பட்டவன் என்று நினைப்பது இந்த விளையாட்டுக்குப் பொருந்தாது. 11.7 என்ற கஞ்சத்தனமான எண்ணே, திறமை உள்ள பலரையும் பணமில்லாமல் ஆட வைத்தது. டேவிட் எக்ஸ்டைன் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் வாக்-ஆனாகத்தான் நுழைந்தார். உயரம் ஐந்தரை அடியைச் சற்றே தாண்டும். கை வலுவும் குறைவு என்றார்கள். தொழில்முறை அணிகள் புதிய வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1997இல் 19ஆவது சுற்றில்தான் ஓர் அணி அவரை எடுத்தது. 2006இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணி தொழில்முறை பேஸ்பாலின் இறுதித் தொடரான வேர்ல்டு சீரிஸை வென்றபோது, அத்தொடரின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கே கிடைத்தது. பதினேழு வயதில் உடல் முழுமையாக வளராத பிள்ளைக்கு, அணிக்குள் இருந்துகொண்டே இரண்டு மூன்று ஆண்டுகள் வளர அவகாசம் தருவதுதான் வாக்-ஆன் இடத்தின் உண்மையான மதிப்பு. நம் பிள்ளைகளில் பலர் பதினெட்டுக்குப் பிறகே தோளும் தொடையும் திரளும் உடல்வாகு கொண்டவர்கள் என்பதை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அந்த அவகாசம் மிகவும் தேவை.

இப்போது அந்த அவகாசத்தைத்தான் புதிய ஏற்பாடு குறைத்திருக்கிறது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக நீச்சல் வீரர் கிராண்ட் ஹவுஸின் பெயரால் அறியப்படும் வழக்கில், 2025 ஜூன் 6 அன்று கலிஃபோர்னியாவின் கூட்டரசு நீதிபதி கிளாடியா வில்கன் ஓர் உடன்பாட்டுக்கு ஒப்புதல் அளித்தார். முன்னாள், இந்நாள் வீரர்களுக்கு ஏறத்தாழ 280 கோடி டாலர் இழப்பீடு, முதல் ஆண்டில் ஒவ்வொரு கல்லூரியும் சுமார் 2.05 கோடி டாலர் வரை தன் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம் என்ற அனுமதி ஆகிய இரண்டும்தான் செய்தித்தாள்களில் பெரிதாக வந்தன. நமக்கு முக்கியமானது மூன்றாவது பகுதி. உடன்பாட்டை ஏற்கும் கல்லூரிகளுக்கு உதவித்தொகை எண்ணிக்கை வரம்பு இனி இல்லை. அதற்குப் பதிலாக அணியில் இருப்போரின் எண்ணிக்கைக்கே வரம்பு. பேஸ்பாலுக்கு அந்த எண் 34.

"11.7 போய் 34 முழு உதவித்தொகை வந்துவிட்டது" என்று நம் வாட்ஸ்அப் குழுக்களில் மகிழ்ச்சியோடு பகிரப்பட்டதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தயவுசெய்து அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 34 பேருக்கும் கொடுக்கலாம் என்பதுதான் விதி. கொடுத்தாக வேண்டும் என்பது இல்லை. பழைய 11.7ஐயே முழுமையாக நிரப்பாத டிவிஷன் 1 கல்லூரிகள் பல இருந்தன. மேலும், எல்லா விளையாட்டுகளிலும் சேர்த்துப் புதிதாகக் கூட்டப்படும் உதவித்தொகைகளில் 25 லட்சம் டாலர் வரை மேற்சொன்ன 2.05 கோடிக்குள்ளேயே கணக்கு வைக்கப்படும். அந்தப் பணத்தின் பெரும்பகுதி கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகும்போது, பேஸ்பாலுக்குக் கூடுதல் உதவித்தொகை தரும் கல்லூரி எது, தராத கல்லூரி எது என்பது ஒவ்வொரு நிர்வாகத்தின் விருப்பத்தையும் வருமானத்தையும் பொறுத்தது. பணம் கூடுமா என்பது உறுதியில்லை; 40 இடம் 34 ஆனது மட்டும் உறுதி. அந்த ஆறு இடங்களில் இருந்தவர்கள் உதவித்தொகை பெற்ற நட்சத்திரங்கள் அல்லர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதன் கொடுமையை அந்த நீதிபதியே கண்டார். 2025 ஏப்ரலில் அவர் உடன்பாட்டுக்கு உடனே ஒப்புதல் தராமல் நிறுத்திவைத்ததற்குக் காரணம், வரம்பை எதிர்பார்த்துக் கல்லூரிகள் முன்கூட்டியே வெளியேற்றிய பிள்ளைகள்தாம். அதன் பிறகு, அவ்வாறு இடம் இழந்தவர்களும், இடம் வாக்களிக்கப்பட்டுப் பின் கைவிடப்பட்ட அந்த ஆண்டுப் பள்ளி மாணவர்களும் தனிப் பட்டியலில் சேர்க்கப்பட்டு, அவர்கள் எந்தக் கல்லூரிக்குப் போனாலும் 34இல் எண்ணப்படமாட்டார்கள் என்ற விலக்கு தரப்பட்டது. ஆனால் அவர்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கட்டாயம் எந்தக் கல்லூரிக்கும் விதிக்கப்படவில்லை. அந்த விலக்கு நம் இளைய பிள்ளைகளுக்குக் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். 2026இலும் அதன் பிறகும் பள்ளியை முடிப்பவர்கள் முழுமையாக இந்த 34க்குள் போட்டியிட வேண்டியவர்கள். அவர்களுக்குப் பக்கத்தில், எண்ணிக்கையில் சேராத மூத்த வீரர்களும் சில ஆண்டுகளுக்கு இருப்பார்கள்.

இனி டிசம்பர் 1க்கு வருகிறேன். வசந்த கால விளையாட்டுகளுக்கு, முதல் போட்டி நாளோ டிசம்பர் 1ஆம் தேதியோ எது முந்தியதோ அதற்குள் பட்டியல் வரம்புக்குள் வந்தாக வேண்டும் என்பது விதி. பேஸ்பால் பருவம் பிப்ரவரி நடுவில் தொடங்குவதால், நடைமுறையில் அது டிசம்பர் 1. அதாவது ஆகஸ்டில் ஒரு கல்லூரி 34க்கு மேற்பட்டவர்களைச் சேர்த்துக்கொள்ளலாம், இலையுதிர்காலப் பயிற்சி முழுவதும் அவர்களை ஆட வைத்துப் பார்க்கலாம், நவம்பர் முடிவதற்குள் மிகையானவர்களை அனுப்பிவிடலாம். அப்போது அந்தப் பிள்ளை முதல் பருவக் கட்டணத்தைக் கட்டி, விடுதியில் ஆண்டு ஒப்பந்தம் போட்டு, இறுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பான். மற்ற அணிகளும் தம் பட்டியலை முடித்திருக்கும். எங்கள் ஊரைச் சேர்ந்த ஒரு பிள்ளைக்கு நன்றி நவிலல் விடுமுறைக்கு முந்தைய வாரத்தில்தான் இது சொல்லப்பட்டது. அந்தக் கல்லூரியை அவன் தேர்ந்தெடுத்ததற்குப் பேஸ்பாலைத் தவிர வேறு காரணமே இருக்கவில்லை. அவன் விரும்பிய பாடப்பிரிவுகூட அங்கே இல்லை. சொல்லப்பட்ட விதத்தில் முறைகேடு எதுவும் இல்லை, விதி மீறப்படவும் இல்லை. அதனால்தான் விதியைப் பற்றி எழுதுகிறேன்.

பயிற்சியாளர்கள் எல்லாரும் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. பிப்ரவரியில் வாக்குக் கொடுக்கும்போது, ஆகஸ்டில் தம் அணியில் யார் இருப்பார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது. தொழில்முறை பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீகின் டிராஃப்ட் இப்போது ஜூலையில் நடக்கிறது. அவர்கள் சேர்த்துவைத்திருக்கும் பள்ளி மாணவர்களில் மிகச் சிறந்தவர்களும், கல்லூரியில் மூன்று ஆண்டு முடித்தவர்களும் அதில் எடுக்கப்பட்டு, ஒப்பந்தம் போட்டுவிட்டுப் போகலாம், போகாமலும் இருக்கலாம். டிராஃப்ட் 40 சுற்றாக இருந்தது. 2020இல் 5 ஆகக் குறைந்து, 2021 முதல் 20 சுற்றாக நிற்கிறது. முன்பு பின்சுற்றுகளில் எடுக்கப்பட்டு வெளியேறியிருக்கக்கூடிய வீரர்கள் இன்று கல்லூரியிலேயே தங்கிவிடுகிறார்கள். வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலும் அதே கோடையில் திறக்கிறது. 2021 முதல் ஒரு முறை தண்டனையின்றி மாறலாம் என்று இருந்தது, 2024இல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது. இருபத்திரண்டு வயதில் நூற்றுக்கணக்கான இன்னிங்ஸ் ஆடிய ஒருவன் ஜூனில் கைக்குக் கிடைக்கும்போது, பிப்ரவரியில் பேசிவைத்த பதினெட்டு வயதுப் பிள்ளைக்காக அந்த இடத்தைக் காத்துவைக்கும் பயிற்சியாளர் அபூர்வம். அவருடைய வேலையும் அடுத்த வசந்தத்தின் வெற்றிகளைப் பொறுத்தே இருக்கிறது. எவர் போவார், எவர் வருவார் என்ற நிச்சயமின்மைக்கு ஈடாக அவர் கூடுதலாக ஆள் சேர்க்கிறார். அந்த நிச்சயமின்மையின் செலவைக் கடைசியில் சுமப்பது, எழுத்தில் எதுவும் பெறாத வாக்-ஆனும் அவன் பெற்றோரும்.

எழுத்தில் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வாய்மொழி ஒப்புதல் எந்தத் தரப்பையும் கட்டுப்படுத்தாது. கையெழுத்திடும் நாளில் படம் எடுத்துக்கொள்ளப் பயன்பட்ட தேசிய விருப்பக் கடிதம் 2024 அக்டோபரில் ஒழிக்கப்பட்டு, அதன் பணியை உதவித்தொகை ஒப்பந்தமே ஏற்றுக்கொண்டது. உதவித்தொகையே இல்லாத வாக்-ஆனுக்குக் கையெழுத்திட ஓர் ஒப்பந்தமும் இல்லை. "பிரிஃபர்டு வாக்-ஆன்" என்ற மரியாதையான பெயர், பயிற்சியாளர் விரும்பி அழைத்தார் என்பதைக் காட்டும். அந்தப் பெயருக்கு விதிநூலில் தனி உரிமை எதுவும் கிடையாது.

ஆகவே பேச்சுவார்த்தையின்போது உங்கள் மகனே பயிற்சியாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதட்டும். உங்கள் கல்லூரி ஹவுஸ் உடன்பாட்டை ஏற்றிருக்கிறதா, இந்த இலையுதிர்காலத்தில் எத்தனை பேருடன் பயிற்சியைத் தொடங்க எண்ணுகிறீர்கள், சென்ற ஆண்டு நவம்பரில் எத்தனை பேர் அனுப்பப்பட்டார்கள், அவர்களில் முதலாண்டு வாக்-ஆன்கள் எத்தனை பேர், என் இடம் பயிற்சியில் மட்டுமா அல்லது பிப்ரவரிப் பட்டியலிலுமா என்று அவன் பணிவாகக் கேட்பதில் தவறே இல்லை. "சார் கோபித்துக்கொள்வாரோ" என்று நம்மவர்கள் தயங்குவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். பெரியவர்களிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். இங்கே இது வழக்கமான கேள்வி, நேர்மையான பயிற்சியாளர் இதற்கு நேராகப் பதில் சொல்வார். சுற்றி வளைத்த பதில் வந்தால் அதையும் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

பணத்தைப் பற்றி, நம் நிலைமைக்கே உரிய இரண்டு விஷயங்கள் உள்ளன. 2020 ஆகஸ்ட் முதல், படிப்புத் தகுதிக்கும் குடும்ப வருமானத்துக்கும் தரப்படும் உதவி பேஸ்பாலின் 11.7 கணக்கில் சேர்வதில்லை. உடன்பாட்டை ஏற்காத கல்லூரிகளுக்கு அந்தப் பழைய வரம்பே தொடர்கிறது. அங்கே, நல்ல மதிப்பெண்ணால் கல்லூரியின் படிப்பு உதவியையோ, ஜார்ஜியாவின் ஹோப், ஃபுளோரிடாவின் பிரைட் ஃபியூச்சர்ஸ் போன்ற மாநில உதவியையோ பெறும் பிள்ளை, பயிற்சியாளரின் சிறிய பையிலிருந்து எதையும் கேட்காமல் வருகிறான். நம் பிள்ளைகளுக்கு இது உண்மையான பலம். இரண்டாவது, குடியேற்ற நிலை. எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைக்குக் கூட்டரசின் மாணவர் உதவி கிடையாது. 21 வயதானதும் அந்தச் சார்பு நிலை முடிந்து, பெரும்பாலும் எஃப்-1க்கு மாற வேண்டியிருக்கும். உதவித்தொகை வாங்குவதில் சிக்கல் இல்லை; ஆனால் கல்லூரி தரும் வருவாய்ப் பங்கோ, பெயரையும் படத்தையும் பயன்படுத்துவதற்கான பணமோ விசா விதிகளோடு மோதக்கூடும். அத்தகைய தாளில் கையெழுத்திடுமுன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். அணியின் அலுவலகம் சொல்வது போதாது.

டிவிஷன் 1 என்ற பெயரின் மேல் நமக்கு இருக்கும் மயக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஐ.ஐ.டி. என்றால் எந்தத் துறையானாலும் பரவாயில்லை என்று நினைத்த அதே மனம்தான் இங்கும் வேலை செய்கிறது. இரண்டாண்டுப் படிப்பு தரும் ஜூனியர் கல்லூரி என்றால் நம் வீடுகளில் முகம் சுளிக்கிறார்கள். அந்தக் கல்லூரிகளின் முதல் பிரிவில் ஓர் அணிக்கு 24 உதவித்தொகைகள் உண்டு, பழைய 11.7ஐப் போல இரு மடங்கு. ஆல்பர்ட் பூஹோல்ஸ் மிசூரியின் மேப்பிள் வுட்ஸ் சமுதாயக் கல்லூரியில் ஆடி, 1999இல் 13ஆவது சுற்றில் எடுக்கப்பட்டவர்; 2010 டிராஃப்டின் முதல் தேர்வான பிரைஸ் ஹார்ப்பரும் நெவாடாவின் அத்தகைய கல்லூரியிலிருந்து வந்தவர். டிவிஷன் 2 அணிகளுக்கு 9 உதவித்தொகைகள் வரை உண்டு. அதன் இறுதிச் சுற்று கேரியில் நடப்பதால், அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் ஒரு மாலை நேரில் போய்த் தரத்தைப் பார்க்கலாம். டிவிஷன் 3இல் விளையாட்டு உதவித்தொகையே கிடையாது. ஆனால் ஜான்ஸ் ஹாப்கின்ஸ், எமரி, எம்.ஐ.டி. ஆகியவற்றின் பேஸ்பால் அணிகள் ஆடுவது அந்தப் பிரிவில்தான். இக்கல்லூரிகளின் பெயரைக் கேட்டால் எந்தத் தமிழ்ப் பெற்றோரும் முகம் சுளிக்கமாட்டார்கள். அங்கே உங்கள் மகன் முதலாண்டிலேயே களத்தில் இறங்க வாய்ப்பு அதிகம். விஸ்கான்சின்-ஸ்டீவன்ஸ் பாயின்ட் என்ற டிவிஷன் 3 கல்லூரியின் ஜோர்டன் ஜிம்மர்மன் 2007இல் இரண்டாம் சுற்றிலேயே எடுக்கப்பட்டு மேஜர் லீகில் பிட்சராக ஆடினார். ஐவி லீக் கல்லூரிகள் டிவிஷன் 1இல் இருந்தும் விளையாட்டுக்கு உதவித்தொகை தருவதில்லை, உடன்பாட்டையும் ஏற்கவில்லை.

பயிற்சியாளர்களுக்குத் திறமையைக் காட்டவென்று கட்டணம் வாங்கி நடத்தப்படும் ஷோகேஸ்களைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. பதினோராம் வகுப்புக்கு முந்தைய ஆகஸ்ட் 1 வரை டிவிஷன் 1 பயிற்சியாளர்கள் உங்கள் மகனோடு நேரடியாகப் பேச விதி இடம் தருவதில்லை. அதற்கு முன் எட்டாம் வகுப்புப் பிள்ளையை ஜார்ஜியாவுக்கும் ஃபுளோரிடாவுக்கும் விமானத்தில் ஏற்றி, அறுபது கஜ ஓட்டத்தையும் பந்தின் வேகத்தையும் பதிவுசெய்யச் செலவிடும் பணம், பெரும்பாலும் நடத்துபவர்களுக்கே பயன்படுகிறது. அந்தத் தொகையை வைத்திருந்தால் கல்லூரியின் ஒரு பருவக் கட்டணத்துக்கு உதவும்.

கல்லூரிகளின் பெயர்களை மகனோடு உட்கார்ந்து எழுதும்போது, ஒவ்வொன்றுக்கும் எதிரே, நவம்பரில் பேஸ்பால் நின்றுபோனாலும் இங்கேயே படிப்பாயா என்று அவனிடம் கேட்டு, அவன் சொல்லும் பதிலை எழுதிவையுங்கள். இல்லை என்று அவன் சொல்லும் கல்லூரியில், உதவித்தொகையோ எழுத்தில் உறுதியோ இல்லாமல் வாக்-ஆனாகச் சேர அனுமதிக்காதீர்கள். ஆம் என்று சொல்லும் கல்லூரியில் அவன் துணிந்து முயலட்டும். வெளியேற்றப்பட்டாலும் அவனுக்குப் படிப்பும் நண்பர்களும் அங்கேயே இருக்கும்.

ஏற்கெனவே இப்படி இடம் இழந்த பிள்ளைகளின் பெற்றோரிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். வெட்கப்பட்டு மௌனமாக இருந்துவிடாதீர்கள். என்.சி.ஏ.ஏ. உறுப்புக் கல்லூரி ஒவ்வொன்றிலும் விளையாட்டுக்கான ஆசிரியர் பிரதிநிதி என்று ஒரு பேராசிரியர் இருக்கிறார். அவருக்கும் விளையாட்டுத் துறை இயக்குநருக்கும் கடிதம் எழுதுங்கள். முடிவை நவம்பர் இறுதிவரை இழுக்காமல் அக்டோபரிலேயே சொல்லிவிட வேண்டும், ஆகஸ்டில் 34க்கு மேல் எத்தனை பேரைச் சேர்க்கிறோம் என்பதைச் சேருமுன்பே ஒவ்வொரு குடும்பத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், வெளியேற்றப்பட்டவனுக்கு அந்தக் கல்வியாண்டு முடியும்வரை மருத்துவ உதவியும் படிப்பு வழிகாட்டலும் தொடர வேண்டும் என்று கேளுங்கள். இவற்றைச் செய்ய எந்தக் கல்லூரிக்கும் என்.சி.ஏ.ஏ.வின் உத்தரவு தேவையில்லை; அடுத்த ஆகஸ்டிலேயே தொடங்கலாம்.

அன்புடன்,
பேஸ்பால் வீரன் ஒருவனின் தந்தை